நெட்ரெப்கோ இத்தாலிய ஓபராவுக்குள் போன பாதை

ஆன்னா நெட்ரெப்கோவின் 'வெரிஸ்மோ' ஆல்பத்தைக் கேட்டுவிட்டு நீங்கள் இரண்டு விஷயம் கேட்டிருக்கிறீர்கள். ரஷ்யப் பாடகி ஒருவர் இத்தாலிய ஓபரா பாடுவதில் அப்படி என்ன அதிசயம், உலகத்தில் எல்லாரும்தானே பாடுகிறார்கள்? இரண்டாவது, அவருடைய ஆரம்பகாலப் பதிவுகளில் மணி மாதிரிக் கேட்ட குரலும், இந்த ஆல்பத்தில் இவ்வளவு கனமாக, இருட்டாகக் கேட்கும் குரலும் ஒரே ஆளுடையதுதானா?

இரண்டாவதை முதலில் முடித்துவிடுகிறேன். ஒரே ஆள்தான். முதல் தனி ஆல்பம் 2003-இல் வந்தது, 'வெரிஸ்மோ' 2016-இல். நடுவில் பதின்மூன்று வருஷம். அந்தப் பதின்மூன்று வருஷத்தில் அவர் எந்த வேடத்தை எப்போது எடுத்தார், எதை வேண்டாம் என்று வைத்தார் என்பதைத் தொடர்ந்து பார்த்தால் உங்கள் முதல் கேள்விக்கும் பதில் கிடைத்துவிடும்.

நெட்ரெப்கோ 1971-இல் தெற்கு ரஷ்யாவில் இருக்கும் கிராஸ்னதாரில் பிறந்தவர். செயின்ட் பீட்டர்ஸ்பர்க் கன்சர்வேட்டரியில் (இசைக் கல்லூரியில்) படித்தார். படிக்கும்போது அந்த ஊரின் பெரிய ஓபரா அரங்கமான மரின்ஸ்கி தியேட்டரில் தரை துடைக்கும் வேலை பார்த்தார் என்பது உண்மைதான். ஆனால் அவர் துடைப்பத்தோடு பாடியதைக் கேட்டு மரின்ஸ்கியின் இசைத் தலைவர் கெர்கியெவ் அப்படியே மேடையில் ஏற்றிவிட்டார் என்று சொல்வதெல்லாம் சிண்ட்ரெல்லா கதைக்கு ஆசைப்பட்டவர்கள் சேர்த்த மசாலா. 1993-இல் கிளின்கா பாட்டுப் போட்டியில் முதல் பரிசு வாங்கியவர் அவர். 1994-இல் மரின்ஸ்கியில் மொஸார்ட்டின் 'ஃபிகாரோவின் திருமண'த்தில் சூசன்னாவாக வந்தார். இதில் ஒன்றைக் கவனியுங்கள், மொஸார்ட் ஆஸ்திரியர் என்றாலும் அந்த ஓபராவின் மொழி இத்தாலியம். அதாவது ஆரம்பமே இத்தாலியத்தில் எழுதிய ஓபராவில்தான்.

ரஷ்யர்கள் இத்தாலியத்திலேயே பாடுவது இன்றைக்குச் சாதாரணமாகத் தெரியும். சோவியத் காலத்தில் அப்படியில்லை. அங்கே வெர்டியானாலும் புச்சினியானாலும் மேடையில் ரஷ்ய மொழிபெயர்ப்பில் பாடுவதுதான் வழக்கம். வெளிநாட்டு மேடைக்குப் போகிறவர்கள் மூல மொழியில் மறுபடியும் மனப்பாடம் பண்ணவேண்டும். சோவியத் பாடகி கலீனா விஷ்னேவ்ஸ்கயா 1961-இல் நியூயார்க் மெட்ரோபாலிடன் ஓபரா அரங்கில் 'ஐதா', 1964-இல் மிலானின் லா ஸ்காலாவில் 'துரந்தோத்'தின் லியூ என்று போய்ப் பாடினாலும் அதெல்லாம் அரசு அனுமதித்து அனுப்பிய அபூர்வமான பயணங்கள். அறுபதுகளில் மாஸ்கோவின் போல்ஷோய் தியேட்டரிலிருந்து சில இளம் பாடகர்களை லா ஸ்காலாவுக்குப் பயிற்சிக்கே அனுப்பினார்கள். தமாரா மிலாஷ்கினா அப்படிப் போனவர். சோவியத் யூனியன் உடைந்த பிறகு மேடைக்கு வந்த முதல் தலைமுறை நெட்ரெப்கோவுடையது. யாரிடமும் அனுமதி கேட்காமல் இத்தாலிக்குப் போகலாம், வரலாம்.

சரி, கஷ்டம் எங்கே வருகிறது? முதலில் வாயில்.

ரஷ்ய மொழியில் அழுத்தம் விழாத 'ஓ'வை 'அ' என்றுதான் சொல்வார்கள். பாலுக்கு எழுத்தில் 'மொலொகோ', வாயில் 'மலக்கோ'. இத்தாலியத்தில் இந்த வேலை நடக்காது. அமோரே என்றால் கடைசி 'ரே' வரைக்கும் உயிரெழுத்து முழுசாகக் காதில் விழவேண்டும், அதில்தான் இசையின் வரி நிற்கிறது. அப்புறம் ரஷ்யர்களுக்கு 'இ'க்கு முன்னால் வரும் மெய்யை நாக்கின் நடுவை மேலே தூக்கி மென்மையாக்கிச் சொல்வது சின்ன வயதிலிருந்தே வந்த பழக்கம். 'தி' என்பது 'த்யி' மாதிரி ஆகிவிடும். அவர்களுடைய 'ல'வும் கனமான, தொண்டைப் பக்கம் சாய்ந்த 'ல'. இத்தாலிய 'ல' பல்லுக்குப் பின்னால் துல்லியமாகத் தட்டுகிற 'ல'.

இன்னொன்று இரட்டை மெய். இத்தாலியத்தில் 'நோனோ' என்றால் ஒன்பதாவது, 'நொன்னோ' என்றால் தாத்தா. இது தமிழ்க் காதுக்கு ஒரு பிரச்சினையே இல்லை, கனிக்கும் கன்னிக்கும் குழம்புகிறவர் நம்மில் யாருமில்லையே. ரஷ்யத்தில் எழுத்தில் இரட்டை இருந்தாலும் பேச்சில் பல இடங்களில் கரைந்துவிடும். அதனால் ரஷ்யப் பாடகர் இத்தாலியம் பாடும்போது பாட்டு அழகாகப் போய்க்கொண்டே இருக்கும், ஆனால் சொல் முளைக்காது. நெட்ரெப்கோவிடம் இந்தக் குறை கடைசிவரை முழுசாகப் போகவில்லை என்பதுதான் என் கருத்து. 2004-இல் கிளாடியோ அப்பாடோ ஆர்க்கெஸ்ட்ராவை நடத்திய ஆல்பத்தை இப்போது போட்டுக் கேளுங்கள், குரல் வெண்ணெய், வார்த்தைகள் மூட்டம். பின்னாளில் நிறையத் தேறிவிட்டார், ஆனாலும் சத்தம் அழகாக வரவேண்டும் என்பதற்காக ஓர் உயிரெழுத்தை இன்னொன்றின் பக்கம் வளைத்துவிடும் பழக்கம் அங்கங்கே எட்டிப்பார்க்கும்.

அடுத்த கஷ்டம் குரலின் எடை. இத்தாலிய ஓபரா என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம், உள்ளே மூன்று வேறு உலகம் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் ரொசினி, பெல்லினி, டோனிசெத்தி எழுதியதைப் பெல் காந்தோ என்பார்கள். நீண்ட மூச்சு, வேகமான பிருகாக்கள், ட்ரில் (பக்கத்துப் பக்கத்து ஸ்வரங்களை வேகமாக மாற்றி மாற்றி அதிரவைப்பது), ஆர்க்கெஸ்ட்ரா அடக்கமாகப் பின்னால் நிற்கும். அப்புறம் வெர்டி, அவர் ஒருவரே ஐம்பது வருஷத்துக்கு மேல் எழுதினார், போகப்போக ஆர்க்கெஸ்ட்ரா தடித்துக்கொண்டே போகும். 1890-இல் மஸ்காக்னியின் 'கவலேரியா ருஸ்திகானா' வந்த பிறகு, சாதாரண மக்களின் வாழ்க்கையை அப்பட்டமாகக் காட்டும் வெரிஸ்மோ அலை: லியோன்கவால்லோ, ஜியோர்தானோ, சிலேயா, பக்கத்தில் புச்சினி. இங்கே பிருகாவெல்லாம் அதிகம் கிடையாது. நடுஸ்தாயியில் நின்று, எண்பது பேர் வாசிக்கிற ஆர்க்கெஸ்ட்ராவுக்கு மேலே ஏறி, அழுகையும் கத்தலும் பாட்டாகவே வரவேண்டும். பெல் காந்தோவுக்குப் பொருந்திய குரலை முப்பது வயதில் இதில் கொண்டுபோய்க் கொட்டினால் நாற்பதில் குரல் ஆடும். இப்படிப் போன குரல்கள் எத்தனையோ.

நெட்ரெப்கோ இந்த மூன்றையும் ஏறக்குறைய வரலாறு போன வரிசையிலேயே கடந்தார்.

ஆரம்பத்தில் மொஸார்ட், பெல்லினி, டோனிசெத்தி. பெல் காந்தோ நுணுக்கத்துக்கு இத்தாலியப் பாடகி ரெனாத்தா ஸ்கோத்தோவிடம் பாடம் கேட்டிருக்கிறார், அந்தப் பாணியில் அதைவிட நல்ல வாத்தியார் கிடைப்பது கஷ்டம். 2002-இல் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் இசை விழாவில் ஹார்னன்கோர்ட் நடத்திய 'டான் ஜியோவானி'யில் டோன்னா ஆன்னா பாடியதும் ஐரோப்பா முழுக்கப் பெயர் பரவிவிட்டது. 2005-இல் அதே சால்ஸ்பர்க்கில் பாடகர் ரோலாந்தோ வில்லஸோனோடு வெர்டியின் 'லா டிராவியாட்டா'. நான் ஓபராவுக்குள் நுழைந்ததே அந்த டிவிடி வழியாகத்தான், அதனால் என் தராசு கொஞ்சம் அந்தப் பக்கம் சாய்ந்திருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். இயக்குநர் வில்லி டெக்கர் மேடையைக் காலியாக வைத்திருந்தார். வளைந்த வெள்ளைச் சுவர், ஒரு பிரம்மாண்டமான கடிகாரம், சிவப்புக் கவுனில் இவர். கடைசி அங்கத்தில்தான் முக்கியமாகத் தெரியவேண்டிய டாக்டர் பாத்திரத்தை ஆரம்பத்திலிருந்தே சாவு மாதிரி ஓரத்தில் உட்கார வைத்துவிட்டார்கள்.

டிராவியாட்டாவின் நாயகி வயலெட்டாவுக்கு மூன்று குரல் வேண்டும் என்று ஓபரா வட்டாரத்தில் ஒரு பழைய பேச்சு உண்டு. முதல் அங்கத்தில் பிருகா, இரண்டாவதில் இதயம் வெடிக்கிற கனம், மூன்றாவதில் சாகப்போகிறவளின் மெல்லிய இழை. 2005-இல் நெட்ரெப்கோவிடம் முதல் அங்கத்துப் பிருகாக்கள் முத்து முத்தாக வந்தன என்று சொல்லமாட்டேன், கொஞ்சம் வழுக்கிக்கொண்டுதான் போனார். ஆனால் இரண்டாம் அங்கத்தில் காதலன் ஆல்ஃபிரெடோவிடம் என்னை நேசி என்று வெடிக்கும் அந்தச் சில வினாடிகளில் இவருடைய எதிர்காலம் எந்தப் பக்கம் என்பது கேட்டுவிட்டது. குரலின் நடுப்பகுதியில் ஒரு கருஞ்சிவப்பு நிறம், அழுத்தினால் கிழியாமல் அகலமாக விரிகிற குணம். இது ரஷ்யப் பள்ளி கொடுத்த சொத்து. சைக்காவ்ஸ்கி, ரிம்ஸ்கி-கார்சகவ், புரோகோஃபியெவ் என்று பாடி வளர்ந்த குரல். 2002-இல் மெட்ரோபாலிடனில் இவர் முதன்முதல் வந்ததும் புரோகோஃபியெவின் 'போரும் அமைதியும்' நதாஷாவாகத்தான்.

என் பதிலின் சாரமே இங்கேதான் இருக்கிறது. ரஷ்யக் குரலின் அந்த இருட்டு பெல் காந்தோவில் இவருக்கு இடைஞ்சல். ஸ்வரங்கள் தனித்தனியாகச் சிதறித் தெரியவேண்டிய இடத்தில் அது எல்லாவற்றையும் பூசிவிடும். ட்ரில் எப்போதுமே இவருக்குச் சுமார்தான். வெர்டிக்கு வந்ததும் அதே இருட்டு மூலதனமாகிவிட்டது. இவர் இத்தாலியப் பாடகி மாதிரி ஆனதால் ஜெயிக்கவில்லை. இத்தாலிய ஓபராவுக்குள் தன் குரலுக்கு ஏற்ற இடம் எங்கே என்று பார்த்து, அங்கே போகிற வயது வரும்வரை காத்திருந்தார்.

அந்தக் காத்திருப்பின்போது சும்மா இருக்கவில்லை. 2007-இல் மெட்ரோபாலிடனில் பெல்லினியின் 'இ பூரித்தானி' பித்துக் காட்சியில் மேடை விளிம்பில் மல்லாந்து படுத்து, தலையை ஆர்க்கெஸ்ட்ராக் குழிக்குள் தொங்கவிட்டபடி பாடினார். நுணுக்கமான பிருகாவில் இருக்கும் ஓட்டையை நடிப்பால் அடைத்தார் என்று சிலர் சொல்வார்கள், எனக்கும் பாதி அப்படித்தான் படுகிறது, ஆனால் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு மூச்சைக் கட்டுப்படுத்துவது லேசுப்பட்ட காரியமா? 2008-இல் மகன் பிறந்தான். அதற்குப் பிறகு குரல் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி அகன்றது. 2011-இல் வியன்னாவிலும் பிறகு மெட்ரோபாலிடன் சீசனின் முதல் இரவிலும் டோனிசெத்தியின் 'ஆன்னா போலேனா'. 1830-இல் எழுதிய ஓபரா, மெட்ரோபாலிடன் அதை மேடையேற்றியதே அப்போதுதான் முதல்முறை. அதன் கடைசிக் காட்சி பெல் காந்தோவிலேயே கனமான குரல் கேட்கிற பகுதி, தலை வெட்டப்படப்போகிற ராணி முதலில் பிறந்த ஊரை நினைத்து உருகி, பிறகு சாபம் விடாமல் சாபத்தைவிடக் கொடுமையாக மன்னிப்பு விடுகிறாள். வியன்னா பதிவு கிடைத்தால் அந்தக் கடைசி இருபது நிமிஷத்தைப் பாருங்கள். ஒரு கதவு மூடி இன்னொன்று திறப்பது கேட்கும்.

2013-இல் ஜியானந்த்ரேயா நோசேதாவோடு டூரின் ஆர்க்கெஸ்ட்ராவை வைத்து வெர்டி ஆல்பம். அதிலேயே லேடி மக்பெத் பாட்டுகள் இருந்தன. அதே வருஷம் பெர்லினில் 'இல் த்ரோவாத்தோரே'. அடுத்த வருஷம் முனிக்கில் 'மக்பெத்' முழுசாக. ரசிகர்களில் பாதிப் பேர், முடிந்தது, குரலைத் தொலைக்கப்போகிறார் என்று எழுதினார்கள்.

லேடி மக்பெத் பற்றி வெர்டி 1848-இல் ஒரு கடிதத்தில் எழுதியது ஓபரா உலகில் பிரசித்தம். நேப்பிள்ஸில் அந்த வேடத்துக்கு யூஜீனியா ததோலினி என்ற பாடகியைப் போட்டிருந்தார்கள். வெர்டிக்குத் திருப்தியில்லை, ததோலினி நன்றாகப் பாடவில்லை என்பதால் இல்லை, ரொம்ப நன்றாகப் பாடுகிறார் என்பதால்! தேவதை மாதிரிக் குரல் எனக்கு வேண்டாம், கரகரப்பும் அடைப்பும் இருட்டும் உள்ள பிசாசுக் குரல் வேண்டும் என்ற பொருளில் எழுதினார். நெட்ரெப்கோவின் குரல் அசிங்கமானதே இல்லை, அழகைத் தவிர வேறு எதுவும் அதற்கு எளிதில் வராது. அவர் செய்தது, கீழ் ஸ்தாயியில் நெஞ்சிலிருந்து வரும் சத்தத்தை மறைக்காமல் அப்படியே வெளியே விட்டார். நாகரிகமான பாடகிகள் அதைப் பாதியாவது மூடுவார்கள். இவர் மூடவில்லை. அந்தப் பாத்திரத்துக்குச் சரியாக அது போதுமாயிருந்தது. தூக்கத்தில் நடக்கும் காட்சியின் முடிவில் வெர்டி மேல் டி-ஃப்ளாட் என்ற உச்ச ஸ்வரத்தை வைத்திருக்கிறார், குரல் நூலிழையாகவேண்டும் என்று குறிப்பும் எழுதியிருக்கிறார். மூன்று மணி நேரம் கர்ஜித்தவள் இழையாகிக் கரையவேண்டும். இவர் எல்லா இரவும் அதைப் பிடித்தார் என்று சொல்லமுடியாது, சுதி மேலே ஏறிவிடுகிற வியாதி இவருக்கு உண்டு.

வேண்டாம் என்று வைத்ததையும் சொல்லவேண்டும். 2016 செப்டம்பரில் லண்டன் ராயல் ஓபராவின் சீசன் பெல்லினியின் 'நோர்மா'வோடு தொடங்குவதாக இருந்தது, நெட்ரெப்கோவுக்காகவே போட்ட திட்டம். அவர் விலகிவிட்டார். குரல் வேறு திசையில் போய்விட்டது, இந்த வேடம் இப்போது பொருந்தாது என்று வெளிப்படையாகவே காரணம் சொன்னார். பதிலுக்கு வந்தவர் பல்கேரியாவின் சோன்யா யோன்சேவா. சோப்ரானோக்களுக்கு (மேல் ஸ்தாயிப் பெண் குரல்களுக்கு) நோர்மா என்றால் சிகரம், அதை விட்டுக்கொடுத்ததை நிறையப் பேர் கோழைத்தனம் என்றார்கள். தப்பு. பின்னால் போகமுடியாது என்று தெரிந்துவைத்திருந்ததுதான் இவரைக் காப்பாற்றியது.

அதே வருஷம் வந்ததுதான் நீங்கள் கேட்ட 'வெரிஸ்மோ'. ரோமின் சாந்தா செசிலியா ஆர்க்கெஸ்ட்ரா, நடத்தியவர் அந்தோனியோ பப்பானோ. ஒரு சின்ன முணுமுணுப்பு எனக்கு உண்டு, தலைப்பு கொஞ்சம் புளுகு. அதில் இருக்கும் 'மெஃபிஸ்தோஃபெலே' 1868-இல் வந்தது, 'லா ஜோகொண்டா' 1876-இல், வெரிஸ்மோ என்ற பேச்சே ஓபராவில் எழாத காலம். விற்பனைக்காக வைத்த பெயர், விட்டுவிடலாம். ஆல்பத்தின் உண்மையான துணிச்சல் வேறு. 'துரந்தோத்'தில் அடிமைப் பெண் லியூ மெல்லிய, கெஞ்சுகிற குரல். இளவரசி துரந்தோத் இரும்புக் குரல். ஒரே மேடையில் எதிரெதிராக நிற்கிறவர்கள். இவர் ஒரே தட்டில் இரண்டு பேரையும் பாடியிருக்கிறார். லியூவில் மேல் ஸ்வரத்தை எடுத்து, மெலிதாக்கி, மறுபடி விரிப்பதைக் கேளுங்கள், பழைய பெல் காந்தோ பாடம் வீண்போகவில்லை. துரந்தோத்தை மைக் முன்னால்தான் பாடமுடியும், மேடையில் வேண்டாம் என்று நானே அப்போது நினைத்தேன். 2020 ஜனவரியில் முனிக்கில் மேடையிலேயே பாடிவிட்டார்!

ஆனால் அந்த ஆல்பத்தில் என்னைப் பிடித்து உட்காரவைத்தது கடைசியில் வரும் 'மனோன் லெஸ்கோ' நான்காம் அங்கம் முழுவதும். தாகத்தில் செத்துக்கொண்டிருக்கும் பெண். 2014-இல் ரோமில் இத்தாலிய இசை நடத்துநர் ரிக்கார்தோ முத்தி நடத்த இந்த ஓபராவைப் பாடியிருந்தார், கூடப் பாடிய அசர்பைஜான் டெனர் (மேல் ஸ்தாயி ஆண் குரல்) யூசிஃப் ஐவாசவைத்தான் பிறகு கல்யாணம் பண்ணிக்கொண்டார், ஆல்பத்திலும் அவர்தான். ஐவாசவின் குரலில் கொஞ்சம் உலோகம் ஜாஸ்தி, எல்லாருக்கும் பிடிக்காது. முத்தி சும்மா விடுகிற ஆள் இல்லை. வெர்டி, புச்சினி எழுதியதற்கு மேல் ஒரு ஸ்வரம் அலங்காரமாகப் போட்டாலும் நிறுத்திவிடுவார் என்று பெயரெடுத்தவர். 2017-இல் சால்ஸ்பர்க்கில் நெட்ரெப்கோவின் முதல் 'ஐதா'வையும் முத்திதான் நடத்தினார். இந்தக் காலத்துக்குப் பிறகு இவருடைய இத்தாலிய உச்சரிப்பு நிமிர்ந்ததில் முத்திக்குப் பங்குண்டு என்பது என் ஊகம்.

இத்தாலியர்கள் ஏற்றுக்கொண்டார்களா? லா ஸ்காலாவின் சீசன் ஒவ்வொரு வருஷமும் டிசம்பர் 7, மிலானின் காவல் புனிதர் அம்புரோஸ் நாளில் தொடங்கும். மேல்மாடி மலிவு டிக்கெட் ரசிகர்கள் பிடிக்கவில்லையென்றால் யாராயிருந்தாலும் ஊளையிடுவார்கள். அந்த இரவில் நெட்ரெப்கோ 2015-இல் 'ஜியோவன்னா தார்கோ', 2017-இல் 'ஆந்த்ரேயா ஷெனியே', 2019-இல் 'டோஸ்கா', 2021-இல் 'மக்பெத்', 2023-இல் 'டான் கார்லோ', 2024-இல் 'லா ஃபோர்ஸா தெல் தெஸ்தினோ' என்று வந்திருக்கிறார். எல்லாம் இத்தாலிய ஓபரா.

நடுவில் அரசியல். 2014-இல் கிழக்கு உக்ரைனின் தானெத்ஸ்க் ஓபரா தியேட்டருக்குப் பத்து லட்சம் ரூபிள் கொடுத்து, ரஷ்ய ஆதரவுப் பிரிவினைக்காரர்களின் கொடியோடு படமெடுத்துக்கொண்டது அவரை விட்டுப் போகவேயில்லை. 2022-இல் உக்ரைன் போர் தொடங்கியதும் மெட்ரோபாலிடன் அவரை நீக்கியது, துரந்தோத்துக்கு உக்ரைனியப் பாடகி லியூத்மிலா மொனாஸ்தீர்ஸ்காவைப் போட்டது. பிறகு போரைக் கண்டித்து அறிக்கை விட்டார், உடனே ரஷ்யாவில் நோவாசிபிர்ஸ்க் தியேட்டர் அவர் கச்சேரியை ரத்து செய்தது. இத்தாலி மேடை அவரை விடவில்லை. இதை நியாயம் என்பவர்களும் உண்டு, வெட்கம் என்பவர்களும் உண்டு. நான் அவர் குரலைக் கேட்கிறேன், அந்தக் கொடி ஞாபகத்தோடுதான் கேட்கிறேன்.

'லா ஃபோர்ஸா'வைப் பற்றி மட்டும் கொஞ்சம் நீட்டிக்கொள்கிறேன். இத்தாலியத் தியேட்டர்காரர்கள் அது துரதிருஷ்டம் பிடித்தது என்று பெயரைக்கூட வாயால் சொல்லமாட்டார்கள். 1960-இல் மெட்ரோபாலிடனில் பாரிடோன் (நடுஸ்தாயி ஆண் குரல்) லெனர்ட் வாரன் அந்த ஓபரா நடந்துகொண்டிருக்கும்போதே மேடையில் விழுந்து செத்தார், அதற்குப் பிறகு நம்பாதவர்களும் நம்பத் தொடங்கினார்கள். இந்த ஓபராவை வெர்டி எழுதியது இத்தாலிக்காக இல்லை. செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் அரசவைத் தியேட்டருக்காக. அங்கே ஜார் மன்னர் செலவில் ஒரு இத்தாலிய ஓபராக் குழுவே நிரந்தரமாக இருந்தது. உள்ளூர் ரஷ்ய இசையமைப்பாளர்களுக்குக் கனவிலும் கிடைக்காத சம்பளம் அதற்கு. வெர்டி மனைவியோடு பனியில் ரஷ்யா போனார், வீட்டுச் சாப்பாடு கெட்டுவிடக்கூடாது என்று அரிசி, மாக்கரோனி, ஒயின் எல்லாம் கூடவே போயிற்று. சோப்ரானோவுக்கு உடம்பு சரியில்லாமல் போனதால் அரங்கேற்றம் ஒரு வருஷம் தள்ளி 1862 நவம்பரில் நடந்தது. பிறகு 1869-இல் லா ஸ்காலாவுக்காக முடிவை மாற்றி, இன்று எல்லாரும் முணுமுணுக்கும் அந்த ஓவர்ச்சரையும் (தொடக்க இசையையும்) சேர்த்தார்.

அந்தப் பீட்டர்ஸ்பர்க் தியேட்டர் இப்போது இல்லை. அதை எடுத்துவிட்டு, அதே இடத்தில் 1890-களில் கன்சர்வேட்டரிக் கட்டடத்தை எழுப்பினார்கள். நெட்ரெப்கோ படித்தது அங்கேதான், எதிரே தெருவைத் தாண்டினால் அவர் தரை துடைத்த மரின்ஸ்கி.

எங்கே தொடங்குவது என்று கேட்டால், 'லா ஃபோர்ஸா'வின் கடைசி அங்கத்தில் நாயகி லியோனோரா அமைதி கேட்டுப் பாடும் பாட்டில் தொடங்குங்கள். 'பாச்சே' என்ற முதல் சொல்லின் 'பா'வை ஒரே ஸ்வரத்தில் மெலிதாக எடுத்து, பெருக்கி, மறுபடி ஒன்றுமில்லாமல் கரைக்கவேண்டும். மூச்சு, சுதி, உயிரெழுத்து மூன்றும் அந்த ஒரு எழுத்தில் அம்பலமாகிவிடும். இத்தாலியப் பாடகி ரெனாத்தா தெபால்தி பாடியதை முதலில் போடுங்கள், அப்புறம் நெட்ரெப்கோ பாடியதை. தெபால்தியின் 'பா' பகல் வெளிச்சம். இவருடையது விளக்கை அணைத்துவிட்டுக் கேட்கவேண்டியது.